பிள்ளைகளோடு வன்னிக்கு வருகிறவர்கள் எங்கே குடியிருக்கலாம்?

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் "குடும்பத்தோட வந்து இருந்து பாக்கப் போறம்" என்று சொன்னால், அடுத்த கதை காணியைப் பற்றித்தான் வரும். "அப்பான்ர காணி விசுவமடுவில சும்மா கிடக்குது. அதிலயே வீட்டைக் கட்டினா என்ன, அண்ணை?" இலங்கையின் வடக்கில், வன்னியில் உள்ள கிளிநொச்சியில் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. பிள்ளைகளுக்கு என்ன வயது, இப்போது எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும். விசுவமடு அவருக்கு ஊர். கனடாவில் ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைக்கு அது வெளிநாடு. சூரிச்சிலிருந்து டொரொன்டோவுக்குப் போகிற குடும்பம் முதலில் பள்ளிக்கூடத்தைப் பார்த்து, அதற்குக் கிட்டவாக வீடு தேடும். வன்னிக்கு வருகிற குடும்பம் வீட்டைக் கட்டி முடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் தேடுகிறது.

ஆகவே இங்கே வவுனியா நகரம், கிளிநொச்சி நகரம், மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கம் என்ற நாலையும் பிள்ளைகளின் பக்கம் நின்று ஒப்பிடுகிறேன். யாழ்ப்பாணத்தைச் சேர்க்கவில்லை. அங்கே இருக்க விரும்புகிறவர்கள் என்னைக் கேட்பதில்லை.

பிள்ளையின் வயதில் தொடங்குவோம். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

தரம் ஒன்று, இரண்டு, மூன்றில் சேரக்கூடிய பிள்ளை என்றால் நாலில் எந்த இடமும் சரிதான். வீட்டில் தமிழ் கதைக்கிற பிள்ளை ஒரு வருடத்துக்குள் எழுத்துக்குப் பழகிவிடும். வன்னியில் பல ஆரம்பப் பாடசாலைகளில் வகுப்பு சிறியது. ரீச்சருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும், சில வேளை அம்மம்மாவின் பெயரும் தெரியும். இந்த வயதில் வருகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறெங்கும் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

தரம் நாலு, ஐந்து என்றால் புலமைப்பரிசில் பரீட்சை நடுவில் வந்து நிற்கும். எழுதியே ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் வகுப்பு முழுக்க அதற்காகவே ஓடும்போது உங்கள் பிள்ளை மட்டும் சும்மா இருக்க முடியாது. விடிய ஒரு வகுப்பு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு வகுப்பு, சனி ஞாயிறு மாதிரிப் பரீட்சை. வெளிநாட்டில் பின்னேரம் கால்பந்து விளையாடிய பிள்ளையை இதற்குள் இறக்குவது எனக்குப் பிடிக்காது. ஒன்றில் முன்னதாக வாருங்கள், அல்லது அந்தப் பரீட்சை முடிந்த பிறகு வாருங்கள்.

தரம் ஆறிலிருந்து ஒன்பது வரைதான் கடினமான இடம். வீட்டில் வாய் நிறையத் தமிழ் கதைக்கிற பிள்ளையின் கையில் தரம் எட்டு வரலாற்றுப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே விரல் நின்றுவிடும். கதைக்கிற தமிழும் பாடப்புத்தகத் தமிழும் அவ்வளவு தூரம். இதற்கு ஒரு வழி இருமொழிக் கல்வி. 2000களின் தொடக்கத்திலிருந்து சில அரச பாடசாலைகளில் தரம் ஆறிலிருந்து கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்க முடிகிறது. ஆனால் ஆசிரியர் இருந்தால்தான் அது நடக்கும். ஆசிரியர் இடமாற்றம் எடுத்துப் போனால் அந்த வருடமே வகுப்பு தமிழுக்குத் திரும்பிவிடும். அதிபரிடம் "இருமொழிப் பிரிவு இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த வருசம் தரம் எட்டுக்கு ஆர் படிப்பிக்கினம்?" என்று கேளுங்கள்.

தரம் பத்து, பதினொன்றில் பிள்ளையைக் கொண்டுவந்து தமிழ்மொழிமூலச் சாதாரண தரப் பரீட்சைக்குள் (ஓ/எல்) தள்ளுவது நியாயமில்லை. ஒன்பது பாடம். அதில் சமயமும் வரலாறும் கட்டாயம். இந்த வயதென்றால் லண்டன் பாடத்திட்டம் படிப்பிக்கிற ஆங்கிலமொழிப் பள்ளிக்கூடம்தான் வழி. அது வேண்டுமென்றால் நாலு இடத்தில் மூன்று இடம் ஏறக்குறையக் கழன்றுவிடும்.

அந்தச் சர்வதேசப் பாடசாலைகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இலங்கையில் இவை பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், கல்வி அமைச்சின் பாடசாலைகள் அல்ல. அதனால் பெயர்ப்பலகையில் 'சர்வதேச' என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யமுடியாது. மேல் வகுப்பு எதுவரை நடக்கிறது, கடைசியாகப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் எத்தனை பேர், பரீட்சை எழுத எந்த ஊருக்குப் போகவேண்டும், விஞ்ஞான ஆய்வுகூடம் உண்டா என்று கேளுங்கள். ஆய்வுகூடத்தை நேரில் பாருங்கள். பூட்டிக் கிடந்தால், திறப்பு ஆரிடம் இருக்கிறது என்று கேட்டால் நிலைமை விளங்கிவிடும்.

"வன்னியில படிப்பிச்சா கம்பஸ் லேசு" என்று ஒரு கணக்கும் சிலர் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்குப் பிள்ளை சில வருடங்கள் அந்த மாவட்டத்திலேயே படித்து, இங்கத்தைய உயர்தரப் பரீட்சையில் (ஏ/எல்) இங்கத்தைய பிள்ளைகளோடு போட்டி போடவேண்டும். வசதி இல்லாத பிள்ளைக்காக வைத்த இடத்தில் வசதியோடு வந்த பிள்ளை போய் உட்காருவது எப்படி என்ற கேள்வியும் எனக்கு இருக்கிறது. இந்தக் கணக்கில் ஊர் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

அடி பற்றியும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். பாடசாலையில் உடல் தண்டனையைத் தடுக்கும் சுற்றறிக்கை 2005 இலேயே வந்துவிட்டது. பிரம்பு எல்லா இடத்திலும் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். சேர்க்கிற அன்றே அதிபரிடமும் வகுப்பு ஆசிரியரிடமும் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இங்கே நேரில் சொன்னால் கேட்பார்கள். வட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினால் கோபிப்பார்கள்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

வவுனியா. நாலிலும் நகரம் என்று சொல்லத்தக்கது இதுதான். தமிழ் மத்திய மகா வித்தியாலயம், இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயம், விபுலானந்தா கல்லூரி, சைவப்பிரகாச மகளிர் கல்லூரி என்று அரச பாடசாலைகளிலேயே தெரிவு இருக்கிறது. ஆங்கிலமொழித் தனியார் பள்ளிக்கூடங்களும் வேறிடங்களைவிட இங்கே கூட. பம்பைமடுவில் இருந்த யாழ் பல்கலைக்கழக வளாகம் 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனியே நின்றுகொண்டது. மாவட்டப் பொது வைத்தியசாலையைத் தவிரத் தனியார் வைத்திய வசதியும் உண்டு. கொழும்புக்குப் போகிற ரயிலும் பஸ்ஸும் இரவு பகலாக ஓடுகின்றன. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் புழங்குகிற ஊர் என்பதால் பிள்ளை கடைத்தெருவிலேயே கொஞ்சம் சிங்களம் பொறுக்கிவிடும். இந்த நாட்டில் வாழப்போகிற பிள்ளைக்கு அது சின்ன விசயமில்லை.

குறையும் உண்டு. நகரப் பகுதியில் காணி விலை நெருப்பு. வைரவபுளியங்குளம், குருமன்காடு பக்கம் பின்னேரமானால் ரியூசனுக்குப் போகிற சைக்கிள்களும் ஸ்கூட்டிகளும் தெருவை நிறைத்துவிடும், பிள்ளையைத் தனியே விடப் பயமாக இருக்கும். தண்ணீர்தான் எனக்குப் பெரிய விசயம். செட்டிகுளம் உட்பட மாவட்டத்தின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் நெடுநாளாக இருக்கிறது. காரணம் இதுதான் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாமல் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற வீட்டை எடுக்காதீர்கள். பேராற்றிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் அந்தத் தெருவுக்கு வருகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வடிகட்டிய தண்ணீருக்கு மாதச் செலவை ஒதுக்குங்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது குசினியில் கேத்தலைத் திறந்து பார்த்தாலே போதும். உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு தடிப்பாகப் பிடித்திருந்தால் தண்ணீரின் குணத்தை அது சொல்லிவிடும்.

கிளிநொச்சி. இங்கே இருக்கிறவன் இதைப் புகழ்ந்தால் நம்பமாட்டீர்கள், ஆகவே குறையில் தொடங்குகிறேன். நகரம் என்பது யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதியின் இரண்டு பக்கமும்தான். டிப்போச் சந்தியிலிருந்து கரடிப்போக்கு வரை ஒருமுறை போய்வந்தால் பார்த்து முடிந்துவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சனிக்கிழமை பின்னேரம் போக இடமில்லை. ஏ9 ஐப் பிள்ளை தனியே கடப்பதை நான் விரும்பமாட்டேன். பஸ்காரருக்கு யாழ்ப்பாணம் எப்போதும் அவசரம். ஆங்கிலமொழி வகுப்புகள் சின்ன வகுப்புகளுக்கு உண்டு, மேலே போகப்போகத் தெரிவு சுருங்கும்.

ஆனால் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது கிளிநொச்சியைத்தான். கனகபுரம், ஆனந்தபுரம், ஜெயந்திநகர், திருவையாறு போன்ற பகுதிகளில் பெரிய வளவு, மாமரம், தென்னை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கிடைக்கும். நகரத்துக்குச் சைக்கிளில் போய்வரலாம். மத்திய கல்லூரி, மகா வித்தியாலயம், புனித திரேசா பெண்கள் கல்லூரி எல்லாம் கிட்ட. அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்களும், இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருப்பதால் படித்த இளம் குடும்பங்கள் ஊருக்குள் கலந்திருக்கின்றன. ஆங்கிலமோ கணிதமோ வீட்டில் வந்து சொல்லித்தரப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் கிடைக்கிறார்கள். விசேட வைத்தியரிடம் காட்டவேண்டும் என்றால் யாழ் போதனா வைத்தியசாலை ஏறக்குறைய 65 கிலோமீற்றர். ரயில் 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்த பிறகு, காலையில் போய்ப் பின்னேரம் வீடு வந்துவிடலாம்.

வீடு பார்க்கும்போது வெள்ளம் கேட்டறியவேண்டிய விசயம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்தபோது கண்டாவளை, முரசுமோட்டை, பன்னங்கண்டிப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. புறோக்கரைக் கேட்டால் "இஞ்ச ஒரு நாளும் வராது" என்பார். பக்கத்துவீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறைக்கோடு இருக்கும், அதைப் பாருங்கள்.

மாங்குளம். வரைபடத்தில் இதைப் போல அழகான இடம் இல்லை. ஏ9 உம் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற இடம், ரயில் நிற்கிறது, வவுனியாவும் கிளிநொச்சியும் இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரம். வட மாகாணத்தின் நிர்வாகத் தலைநகர் இங்கே வரும் என்ற கதையும் பல வருடமாக இருக்கிறது. கதையை நம்பிக் காணி வாங்குகிறவர்கள் வாங்கட்டும், பிள்ளையோடு வருகிறவர்கள் அங்கே இன்றைக்கு இருக்கிற பள்ளிக்கூடத்தைப் பார்த்து முடிவெடுக்கவேண்டும். சின்ன வகுப்பைத் தாண்டிய பிள்ளை என்றால் இப்போதைக்கு என் பதில், வேண்டாம்.

முல்லைத்தீவுப் பக்கம் என்னும்போது முள்ளியவளை, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு நகரம் மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன். மூன்றும் ஒன்றல்ல. புதுக்குடியிருப்பு சுறுசுறுப்பான கடைத்தெரு உள்ள ஊர். முள்ளியவளை நிழலும் வயலும், வித்தியானந்தா கல்லூரி அங்கே. நகரம் கடலோடு ஒட்டியது. சொந்தக்காரர் நிறைந்த ஊரில் பிள்ளை வளர்வது வேறெங்கும் கிடைக்காத பேறு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பம் முழுக்க இரவிரவாக நடந்து போகிறபோது, ஒரு மாதம் முந்தி வந்த பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் மச்சான் மச்சாளோடு கரைந்துவிடும்.

ஆனால் ரயில் இல்லை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நகரம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மாவட்ட வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது. அதற்கு மேல் தேவை என்றால் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோதான் ஓடவேண்டும். இழுப்பு வருத்தம், ஒவ்வாமை, இதய வருத்தம் என்று தொடர் சிகிச்சை தேவைப்படும் பிள்ளை இருந்தால் இந்த ஒரு காரணமே போதும். கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறையும் இந்தப் பக்கம் கூட. பெட்டைப்பிள்ளை மேல்வகுப்பு ரியூசனுக்குப் போய் இருட்டில் திரும்பவேண்டிய பாதையில் தெருவிளக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் உட்காணியில் வீடு என்றால் யானைக்கும் கணக்கு வைக்கவேண்டும்.

இந்தப் பக்கத்துக்கு மட்டும் உரிய இன்னொன்று, 2009 இல் இங்கே முடிந்த போர். அதன் கடைசி மாதங்களை முள்ளிவாய்க்காலில் கழித்த தாயோ தகப்பனோ பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்துப் பிள்ளையோடு அதே மண்ணுக்கு வந்து குடியிருக்கும்போது, பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் நித்திரை வராது. மே மாதம் அந்த நினைவில் கஞ்சி காய்ச்சுகிற நாளில் பிள்ளை கேட்கிற கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது என்பதைக் கணவனும் மனைவியும் முதலே கதைத்து வைக்கவேண்டும். கிணறு வெட்டும்போதும் பற்றை துப்புரவாக்கும்போதும் வெடிபொருள் வெளிவருவது வன்னியில் இன்னும் கேள்விப்படுகிற விசயம். மண்ணுக்குள் தெரிகிற எந்த இரும்பையும் தொடாதே, பெரியவர்களைக் கூப்பிடு என்பதை இங்கத்தைய பிள்ளைகள் சின்னனிலிருந்தே அறிவார்கள். உங்கள் பிள்ளைக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். பாம்பும் அப்படித்தான், மாரியில் செருப்பை உதறிப் போடப் பழக்குங்கள். நாலு இடத்திலும் 1990 என்று அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும், அந்த இலக்கத்தைப் பிள்ளைக்கும் மனப்பாடமாக்குங்கள்.

இப்போது காணி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெரும்பங்கு காணி குடியேற்றத் திட்டங்களில் அரசு கொடுத்தது. அதற்கு உறுதி (முழு உரிமைப் பத்திரம்) இருக்காது, பெர்மிட் அல்லது அளிப்புப் பத்திரம்தான் இருக்கும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இன்னும் அதை ஆளுகிறது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அந்தக் காணியை விற்கவோ வாங்கவோ முடியாது. இருந்தும் வெள்ளைத்தாளில் கைச்சீட்டு எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்துக் காசு கைமாறுவது நடந்துகொண்டே இருக்கிறது. காணிக்காரர் கண்ணை மூடினால் பெர்மிட்டில் பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பிறகு உரியவராகப் பெயர் உள்ள மகன் வந்து வாசலில் நிற்பார், சட்டமும் அவர் பக்கம்தான் நிற்கும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் பெயருக்கு உறுதிக்காணியையே விலைக்கு வாங்கி எழுதமுடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. வவுனியா நகரத்தில் உறுதிக்காணி ஒப்பீட்டளவில் கூட, அதனால்தான் விலையும் கூட. அப்பாவின் விசுவமடுக் காணிக்கும் இதே கேள்விதான்: பத்திரம் என்ன, பின்னுரித்தில் யார் பெயர்? தம்பிமார் அங்கே தோட்டம் செய்கிறார்கள் என்றால் இன்னும் கவனம்.

அதனால் நாலில் எதைத் தேர்ந்தாலும் முதல் வருடம் வாடகை வீடுதான். வவுனியாவில் வாடகை வீடு இலகுவாகக் கிடைக்கும், கிளிநொச்சியில் தேடினால் கிடைக்கும், மற்ற இடங்களில் தெரிந்தவர் மூலம்தான். வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்ததும் வாடகை ஏறும். சொந்தக்காரரை முன்னால் அனுப்பிக் கேட்பதில் வெட்கமொன்றும் இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்கிற பெற்றோர் என்றால் வவுனியாவிலும் கிளிநொச்சி நகரப் பகுதியிலும் பைபர் இணைப்பு வருகிற தெருவாகப் பாருங்கள். உட்பகுதிகளில் கைபேசி சிக்னலை நம்பித்தான் ஓட்டவேண்டும். 2025 இல் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது, அது கைகொடுக்கும், செலவுதான் கூட.

தாள்களில் பிள்ளைகளின் தாளை முதலில் பாருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ள பிள்ளையை அரச பாடசாலையில் சேர்க்க அதிபர் ஒருவரால் மட்டும் முடிவெடுக்க முடியாது. அனுமதி மேலிருந்து வரவேண்டும், வதிவிட விசாவும் வேண்டும். பிள்ளையின் பிறப்பு இலங்கைத் தூதரகத்தில் பதிவாகியிருக்கிறதா, உங்கள் இரட்டைக் குடியுரிமை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பவற்றை அங்கே இருக்கும்போதே முடியுங்கள். இங்கே வந்து தொடங்கினால் பிள்ளை ஒரு தவணை முழுக்க வீட்டில் இருக்கும்.

என் தெரிவைக் கேட்டால், மூத்த பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் என்றால் கிளிநொச்சி. பன்னிரண்டு தாண்டியது என்றால் யோசிக்காமல் வவுனியா. அம்மம்மாவும் மாமியும் உடனிருந்து, பிள்ளைகள் சின்னன், உடம்பிலும் வருத்தம் இல்லை என்றால் முள்ளியவளையும் புதுக்குடியிருப்பும் நல்ல இடம்தான், பின்னர் ஒரு முறை இடம் மாறவேண்டி வரும் என்பதையும் ஏற்றுக்கொண்டு வாருங்கள். ஒரு பிள்ளை எட்டு, மற்றது பதினாலு என்றால் மூத்ததைப் பார்த்து முடிவெடுங்கள், சின்னது எங்கேயும் தளிர்க்கும்.

பார்த்துப்போக வருகிறவர்கள் பெரும்பாலும் ஓகஸ்ட் விடுமுறையில், நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து வருகிறார்கள். அப்போது பள்ளிக்கூடம் விடுமுறையாக இருக்கும், வீதி காய்ந்திருக்கும், ஊர் முழுக்க விருந்தாளி. முடிந்தால் ஐப்பசி கடைசியில் அல்லது கார்த்திகையில் வாருங்கள். மழை பெய்யும், ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும், கரண்ட் போய்வரும், வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். அதிபரிடம் கேட்டு ஒரு காலைப்பொழுது வகுப்பில் இருக்கவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.